படைக்கலச் சட்டமும் தற்காப்பும்

சென்ற கோடை விடுமுறையில் யான் என் பிறந்த ஊராகிய இடைசெவலில் தங்கியிருந்தபோது நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. என் அத்தை கோவில்பட்டிக்குச் சென்று, மாலை மயங்கும் வேளையிற் பேருந்தினின்று இறங்கி, கையில் துணிப்பையுடன் ஊரை நோக்கி நடந்து வந்தார். வழியின் இருமருங்கும் பருத்திமார் பிடுங்கி வெறுமையாய்க் கிடந்த கரிசற் புஞ்சைகள். விளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்குகள் எரியவில்லை. எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவரைக் கடந்து சென்று, சிறிது தொலைவில் திரும்பி, அவர் முதுகுப்புறமாக வந்தது. பின்னே அமர்ந்திருந்தவன் கை நீட்டியதும், தம் கழுத்து எரிந்ததும், தாம் மண்ணில் விழுந்து கிடந்ததுமன்றி வேறொன்றும் அத்தைக்கு நினைவில்லை. மூன்று பவுன் சங்கிலி போயிற்று. திருமணத்தன்று மாமா கட்டிய சிறு தாலியும் அதனோடு போயிற்று.

அன்றிரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஊரார் பலர் கூடினர். படையிற் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மிக்க சினத்துடன் பேசினார். "நம்ம கையில ஒரு துப்பாக்கி இருந்திருந்தா அவன் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பானா? லைசென்ஸ் கேட்டா நடையா நடக்க வைக்கான். திருடனுக்கு லைசென்ஸ் வேண்டாம், யோக்கியனுக்குத்தான் வேணும். இதென்ன சட்டம், தம்பி? நீ படிச்சவன், சொல்லு" என்று என்னை நோக்கி வினவினார். கூடியிருந்தோர் அனைவரும் தலையசைத்தனர். என் தலையும் அசைந்தது என்பதை ஒளிப்பதிற் பயனில்லை. அப்பொழுது உள்ளேயிருந்து, கழுத்தில் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்த அத்தையின் குரல் கேட்டது: "துப்பாக்கி இருந்திருந்தா அதையும்லா சேத்துப் பறிச்சிட்டுப் போயிருப்பான்!"

எல்லோரும் நகைத்தனர். யானும் நகைத்தேன். ஆயினும் அவ்விருவருள் யார் கூற்று மெய்யென்பது எனக்கு அன்றிரவு விளங்கவில்லை. கல்லூரிக்குத் திரும்பிய பின் நூலகத்திற் சட்ட நூல்களையும் வரலாற்று நூல்களையும் புரட்டிப் பார்த்து யான் கொண்ட கருத்தினை இவ்விதழ் அன்பர்கள்முன் வைக்கின்றேன். எனக்கு வயது 19. இருபத்தொரு வயது நிரம்பாதவர் துப்பாக்கி பெறுதலும் வைத்திருத்தலும் ஆகா என்று படைக்கலச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு விலக்குகின்றமையின், எனக்கென்று ஒரு துப்பாக்கி வேண்டி வாதிடுகின்றேன் என ஒருவரும் ஐயுற வேண்டுவதில்லை.

முதலிற் பெரியவர் பக்கம் நின்று பேசுதல் முறை. அவர் சினத்திற்குப் பின்னே இருநூறு ஆண்டு வரலாறு நிற்கின்றது. எங்கள் ஊரினின்று நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றாற் சிறிது நேரத்திற் கயத்தாறு வரும். 1799-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மனைக் கும்பினியார் தூக்கிலிட்டது அவ்வூரிலேயே. அதனையடுத்துப் பாளையக்காரர் தம் கோட்டைகளை இடித்துவிட வேண்டும், படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பானர்மன் ஆணை பிறப்பித்தான். 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி வந்து மீண்டும் எழுப்பிய கோட்டையும் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவ் பிரபு வெளியிட்ட அறிக்கை தென்பாண்டிச் சீமையிற் படைக்கலம் வைத்திருத்தலையே விலக்கிற்று. வேலும் வாளும் வீட்டுத் தூணிற் சாத்தியிருந்த சீமை ஒரே ஆணையால் வெறுங்கைச் சீமையாயிற்று.

பின்னர் 1878-இல் லிட்டன் பிரபுவின் காலத்திற் படைக்கலச் சட்டம் இந்திய நாடு முழுமைக்கும் வந்தது. தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு இட்ட சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தமையின், நாவும் கையும் ஒரே காலத்திற் கட்டப்பட்டன என்னலாம். அச்சட்டத்தின் கீழ் இந்தியன் துப்பாக்கிக்கு உரிமச் சீட்டுப் பெற வேண்டும். ஐரோப்பியனுக்கு அது வேண்டா. முதல் உலகப் போர் முடிந்த பின்னரே இவ்வேற்றுமை நீங்கிற்று. அறப்போர் வழி நின்ற காந்தியடிகளே இச்சட்டத்தை வன்மையாகக் கண்டித்தார் என்றால், மற்றையோர் வெறுப்பைக் கூறவும் வேண்டுமோ?

விடுதலை வந்ததும் நிலை மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோர் பலர். 1948 டிசம்பரில் அரசியல் நிருணய சபையில் எச். வி. காமத் என்பார், படைக்கலம் வைத்திருத்தலையும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. 1959-இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த இன்றைய சட்டம் பழைய சட்டத்தின் நிழலிலேயே வளர்ந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இன்ன நோக்கத்திற்காக இச்சட்டம் கொணரப்படுகின்றது என்று அன்று பாராளுமன்றத்தில் வைத்த உரையில், முன்னடத்தையாலும் இயல்பாலும் தகுதியிழந்தவர் நீங்கலாக ஏனைய குடிமக்கள் அனைவர்க்கும் தற்காப்புக்குரிய படைக்கலம் உரிமச் சீட்டின் வழிக் கிடைக்கச் செய்தல் ஒரு நோக்கமாகவே கூறப்பட்டுள்ளது. போதிய சொத்து இல்லை என்ற ஒன்றையே காரணமாக்கி ஒருவனுக்குச் சீட்டு மறுத்தல் கூடாது என்று 14-ஆம் பிரிவு கூறுகின்றது. மறுத்தால், மறுத்தமைக்குக் காரணம் எழுதப்படல் வேண்டும், மேல்முறையீடும் உண்டு. ஏட்டளவிற் பார்த்தால் நம் பெரியவர்க்குக் குறையொன்றும் இல்லை. ஏடு வேறு, நாடு வேறு என்பதை யானும் அறிவேன். எங்கள் வட்டாரத்தில் யான் கண்ட வரையில், துப்பாக்கி தொங்கும் வீடு ஓட்டு வீடன்று, மாடி வீடே.

இத்துணையும் பெரியவர் பக்கம். இனி, அவர்தம் வாதத்தின் அடிவேர் யாது? நம் கையிற் படைக்கலம் இருந்தால் வழிப்பறி செய்வோன் அஞ்சுவான் என்பதே. இதனை ஆராய்தற்கு நாம் அயல்நாடு செல்ல வேண்டா. உரிமச் சீட்டு வேண்டாத படைக்கலம் ஒன்று நம் கரிசற் சீமையில் வீடுதோறும் உண்டு. அஃது அரிவாள். உழவுக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே உரிய கருவிகள் 'படைக்கலம்' என்னுஞ் சொல்லுக்குட்படா என்று சட்டமே விலக்குகின்றது. கைத்தடியும் கம்பும் அவ்வாறே. கருவேல் வெட்டவும் வேலி கழிக்கவும் தேங்காய் சீவவும் உதவும் அரிவாளை எந்தக் கொல்லன் பட்டறையிலும் எவரும் வாங்கலாம். ஆகவே, படைக்கலம் பெருகினால் குற்றம் அருகும் என்பது மெய்யாயின், தமிழ்நாட்டிலேயே அச்சமின்றி இரவில் நடக்கத்தக்க பகுதி எங்கள் பகுதியாய் இருத்தல் வேண்டும். இருக்கின்றதா? அரிவாள் எங்கள் சீமையில் எத்தனை சங்கிலிகளைக் காத்தது என்று வினவினால் விடை கூறுவார் இல்லை. எத்தனை உயிர்களைக் குடித்தது என்று வினவினாலோ ஊர்தோறும் ஒருவர் எழுந்து நின்று விடை கூறுவர். அது திருடனை நோக்கி ஓங்கியதைவிடப் பங்காளியை நோக்கி ஓங்கியதே மிகுதி. வரப்புத் தகராறும், வாய்க்கால் தகராறும், சாதிப் பூசலும், பழிக்குப் பழியுமே அதன் களங்கள்.

2021 செப்டம்பரில், திருநெல்வேலி, திண்டுக்கல் பகுதிகளில் தொடர்ந்து கொலைகள் நிகழ்ந்த காலத்து, மாநிலக் காவற்படைத் தலைவராயிருந்த சைலேந்திரபாபு மாநிலமெங்கும் தேடுதல் நடத்தினார். அரிவாள் கத்தி வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளுமாறு கொல்லர்களைக் கேட்டுக்கொண்டார். அத்தேடுதலிற் கிடைத்த துப்பாக்கிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கத்தியும் அரிவாளுமோ பல நூறு. இக்கணக்கு நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. நம் நாட்டுத் தீயோன், சட்டத்தை மீறவும் துணிந்தவன், கையில் எடுப்பது பெரும்பாலும் துப்பாக்கியன்று. ஏன்? அவனுக்கு ஆசை இல்லாமை அன்று, எளிதிற் கிடையாமையே. 'திருடனுக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்று பெரியவர் கூறியது மெய். ஆயினும், கடைத்தெருவில் துப்பாக்கி மலிந்தாலன்றோ திருடன் கைக்கும் அது மலிவாய் வரும்? யோக்கியன் வீட்டு அலமாரியே திருடனுக்குப் படைக்கலச் சாலையாகும்.

இதனை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்று எங்கள் பக்கத்திலேயே நடந்தது, படத்திலும் பதிவாயிற்று. 2019 ஆகஸ்டுத் திங்களில், அந்நாள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கடையத்தில், தோட்டத்து நடுவேயுள்ள தனி வீட்டின் முன்புறத்தே முதியவர் ஒருவர் இரவில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். முகமூடி அணிந்த ஒருவன் ஓசையின்றிப் பின்னே வந்து அவர் கழுத்தில் துணியை இட்டு இறுக்கினான். கூச்சல் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த அவர் மனைவியார், அவரும் முதியவரே, காலடியிற் கிடந்த செருப்பை எடுத்து வீசினார். அதற்குள் அரிவாளோடு மற்றொருவனும் வந்தான். அம்மையார் கைக்கு அகப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக எறிந்தார். பிடி தளர்ந்ததும் முதியவரும் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். இருவரும் சேர்ந்து அரிவாள் ஏந்திய இருவரையும் முற்றத்தினின்று துரத்தினர். அம்மையார் கையிற் காயம் பட்டது. கழுத்துச் சங்கிலியும் போயிற்று. உயிர்கள் தப்பின. அவ்வாண்டு விடுதலை நாளன்று மாநில அரசு அவ்விருவர்க்கும் வீரத்திற்குரிய பரிசு வழங்கிற்று. அப்படத்தை நாடே வியந்து பார்த்தது.

யானும் பன்முறை பார்த்துள்ளேன். வியப்பு அடங்கிய பின் இரண்டு வினாக்களை எழுப்பிப் பார்த்தேன். அம்முதியவரிடம் உரிமச் சீட்டுப் பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது வீட்டினுள்ளே பெட்டியிற் பூட்டிக் கிடந்திருக்கும். அவர் கழுத்தோ வெளியே துணிக்குள் இறுகிக்கொண்டிருந்தது. பின்னே வருபவனுக்கு எக்காலும் முதலடி உண்டு. அத்தை கூறியதும் இதுவே. மற்றொரு வினா இதனினும் கூரியது. வந்தவர்கள் கையில் அரிவாளுக்கு மாறாகக் கைத்துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாற்காலி வென்றிருக்குமோ? அரிவாளுக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு போட்டி இயலும். துப்பாக்கிக்கும் நாற்காலிக்கும் இடையே அஃது இயலாது. அவ்வம்மையாரின் வீரம் வீரமே. அதற்கு இடங்கொடுத்தது, திருடன் கைக்குத் துப்பாக்கி எட்டாமற் செய்து வைத்திருக்கும் இந்நாட்டு நிலை. நாம் வைகின்ற அச்சட்டமே அன்றிரவு அம்முற்றத்தில் அவர்கள் பக்கம் நின்றது என்பது என் துணிபு.

இதற்கு மாறாக வாஞ்சிநாதனை எடுத்துக்காட்டுவார் உளர். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் நின்ற ரயில் வண்டியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சியை 1878-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததா என்பர். தடுக்கவில்லை. நாட்டு விடுதலைக்காக உயிர் கொடுக்கத் துணிந்தவனை எச்சட்டமும் தடுத்தல் அரிது. அவனையும் சங்கிலி பறிப்போனையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது. ஆயினும் அந்நிகழ்ச்சியின் மறுபுறத்தையும் நோக்குக. ஆஷ் ஐரோப்பியர்; படைக்கலம் வைத்துக்கொள்ள ஒரு சீட்டும் வேண்டாத இனத்தவர்; மாவட்டக் கலெக்டர்; காவற்படை முழுதும் அவர் சொற்படி நடப்பது. இத்தனையும் இருந்தும், பெட்டியின் வாயிலில் ஓர் இளைஞன் வந்து நின்ற அந்நொடியில் அவற்றுள் ஒன்றும் அவர்க்கு உதவவில்லை. எதிர்பாராத் தாக்குதலுக்கு இரையானவன் கையில் உரிமை இருந்தென்ன, இல்லாமல் என்ன?

அதே 1911-ஆம் ஆண்டில், வியப்பான ஒற்றுமையாக, அமெரிக்க நாட்டு நியூயார்க்கிலும் கைத்துப்பாக்கிக்கு உரிமச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்நகரில் 1981-இல் வழிப்பறிக்கு ஆளாகிக் காயமுற்ற பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்பவர் சீட்டுக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. சீட்டில்லாத துப்பாக்கியோடு நடமாடினார். 1984 டிசம்பர் 22-இல் சுரங்க ரயிலில் இளைஞர் நால்வர் அவரைச் சூழ்ந்து ஐந்து டாலர் கேட்டனர். நால்வரையும் சுட்டார். ஒருவன் நடக்கவியலா முடவனானான். 1987-இல் நடுவர் குழு அவரைக் கொலை முயற்சிக் குற்றத்தினின்று விடுவித்து, சீட்டில்லாத துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்கு மட்டும் தண்டனைக்குரியவராக்கிற்று. 1996-இல் மற்றொரு நடுவர் குழு, முடமானவனுக்கு 4 கோடியே 30 இலட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவரை வீரர் என்றோரும் உளர். கொடியவர் என்றோரும் உளர். அந்நால்வர் ஐந்து டாலருக்குமேல் என்ன செய்திருப்பர் என்பதை ஒருவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. தற்காப்பிற் குண்டு போகும் நேரம் சிறிது. அது சரியோ தவறோ என்று உலகம் வாதிடும் நேரம் பல ஆண்டுகள். நியூயார்க்குச் சட்டத்தின் முதன்மையான தடையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் நீக்கிவிட்டது. அஃது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் போக்கு. நாம் அதைப் பின்பற்ற வேண்டும் என்று கூறுவோர், கெட்ஸுக்குச் சீட்டுக் கிடைத்திருந்தால் அந்நால்வருக்கு மட்டும் துப்பாக்கி கிடைத்திராது என்று உறுதி கூறவல்லரோ?

தமிழ் பயிலும் மாணவனாதலின் ஒன்று கூறாமல் அப்பாற்செல்ல மனம் வரவில்லை. சிலப்பதிகாரத்திற் கோவலன் கொலையுண்ட இடத்தை நோக்குவோம். அவன் தோற்றத்தைப் பார்த்து, இவன் கள்வனல்லன் என்று ஐயுற்றோரும் அக்காவலருள் இருந்தனர். பொற்கொல்லன் கள்வர்தம் திறத்தைப் பலவாறு புனைந்து கூறி அச்சத்தை மூட்டினான். அவ்வச்சம் முற்றி, ஆராய்தற்குமுன், கட்குடியன் ஒருவன் கைவாள் வீசினான். திருடனைக் குறித்த அச்சம், கையிற் படைக்கலம், எண்ணுதற்குப் போதாத நேரம் என்னும் இம்மூன்றும் கூடின இடத்தில் வீழ்ந்தவன் குற்றமற்றவன். பறித்தவன் தன் சிலம்போடு பத்திரமாயிருந்தான். இரவில் எங்கள் ஊர் வழியே முகம் தெரியாமல் மோட்டார் சைக்கிளில் வருவோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வேலை முடிந்து வீடு திரும்பும் தீப்பெட்டிக் கம்பெனித் தொழிலாளரும் மில் தொழிலாளருமே. அத்தைக்கு நேர்ந்ததன் மறுவாரம் அவ்வழியே வண்டியில் வந்த ஓர் இளைஞனை எங்கள் ஊர்ப் பையன்கள் நிறுத்தி வைத்து மிரட்டினர். அவன் பக்கத்து ஊருக்குத் தன் அக்காளைப் பார்க்க வந்தவன். அன்று எங்கள் கையில் ஒன்றும் இல்லாதிருந்தது அவன் செய்த நல்வினை, எங்கள் நல்வினையுமாம்.

இங்ஙனம் கூறியதால் இச்சட்டம் குறையற்றது என்பது என் கருத்தன்று. ஒரு விதி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தாழ்த்தப்பட்ட மக்கள்மீதும் பழங்குடி மக்கள்மீதும் நிகழும் வன்கொடுமைகளைத் தடுத்தற்கு 1995-இல் வகுத்த விதிகளுள் 3-ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய இடங்களில் மற்றையோருடைய துப்பாக்கி உரிமங்களை நீக்கலாம் என்றும், வேண்டுமாயின் அம்மக்களுக்குத் தற்காப்பின் பொருட்டு உரிமம் வழங்கலாம் என்றும் கூறுகின்றது. எளியோனுக்கு அரசின் காவல் எட்டாத இடங்கள் உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் எங்கள் கரிசற் சீமையைச் சேர்ந்த கொடியங்குளத்திற் காவற்படையே வீடுகளுட் புகுந்து பொருள்களை அழித்தது என்ற முறையீடு நாடறிந்தது. 'போலீசைக் கூப்பிடு' என்று அவ்வூர்த் தாய் ஒருத்தியிடம் சொல்ல எனக்கு நா எழாது. அவர்கள் கையில் அன்று துப்பாக்கி இருந்திருந்தால் பொருளோடு உயிரும் போயிருக்கும் என்று அறிவு சொல்கின்றது. ஆயினும் உள்ளம் முற்றும் அடங்கவில்லை. சீட்டு வழங்குவதாயின், மாடி வீட்டுக்காரனுக்குமுன் இத்தகையோர் விண்ணப்பம் பார்க்கப்படல் வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. பெற்றவர் பெருமைக்காகத் திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடும் வழக்கம் வடநாட்டில் மிகுந்து, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதனைத் தனிக் குற்றமாகவே ஆக்க வேண்டி வந்தது. தற்காப்புக்கென்று பெற்ற துப்பாக்கி பந்தலிற் பாடும் பாட்டு இது.

அங்ஙனமாயின், என் அத்தையைக் காத்துக்கொள்ள விடாமல் தடுத்தது எது? உரிமச் சட்டம் அன்று. ஒரு பகுதி அறியாமை. தம் உடலையும் பொருளையும், பிறர் உடலையும் பொருளையும், காத்தற்குத் தாக்கும் உரிமை பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் தொட்டு நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கின்றது. உயிருக்கோ கொடுங்காயத்திற்கோ அஞ்சத்தக்க நிலையிற் கொல்லவும் அது இடந்தருகின்றது. 2010-இல் தர்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையை விரித்துரைத்து, அபாயத்தில் நிற்பவன் கையடியைத் தராசில் நிறுத்தாற்போல் அளந்து அடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் ஆகாது எனத் தெளிவாக்கியுள்ளது. 2012-இல் மதுரையில், மகளிடம் முறைகேடாக நடக்க முற்பட்ட கணவனைக் கையிற் கிடைத்த கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணொருத்தியை, மாவட்டக் காவற் கண்காணிப்பாளராயிருந்த அஸ்ரா கார்க் இவ்வுரிமையைக் காட்டியே விடுவித்தார். ஆனால் எங்கள் திண்ணையில் அன்று கூடிய இருபதின்மருள் ஒருவரும் இதனை அறியார். 'திருப்பி அடித்தால் நம்மேல் கேசு வரும்' என்பதே அனைவரும் அறிந்த சட்டம். கூச்சல் கேட்டும் ஓடி வராமல் நின்றவர் இருவர் அதனையே காரணமாகக் கூறினர். அவர்களை வைவதற்கு எனக்கு உரிமை இல்லை. புகார் எழுதச் சென்ற அத்தையை, "நகை போட்டுக்கொண்டு இருட்டில் ஏன் நடந்தாய்?" என்று கேட்டு மூன்று மணி நேரம் விசுப்பலகையில் உட்கார வைத்ததை அவர்களும் பார்த்தவர்களே.

மற்றொரு பகுதி, ஊர்க்காவல் அற்றுப்போனமை. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையைக் காணலாம். கரிய உடையும் நூலேணியுமாய்க் கள்வர் ஒருபுறம் திரிவர். மழை பெய்யும் இரவிலும் சோராமல், அவர்தம் தந்திரங்களை நூல் கற்றார்போல் அறிந்த ஊர்க்காப்பாளர் தெருத்தெருவாய்ச் சுற்றி வருவர். அங்கே துயில்வோன் தலைமாட்டில் வாள் வைத்துக்கொண்டு துயின்றதாக இல்லை. காவல் தெருவில் இருந்தது. ஆதலின் உறக்கம் வீட்டில் இருந்தது. எங்கள் நாட்டிலும் தலக்காவல், திசைக்காவல் என்று முறைகள் இருந்தன. விளைச்சலிற் பங்கு பெற்ற காவற்காரன் களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். பிற்காலத்தில் அம்முறை துப்புக்கூலி என்னும் பெயராற் பொருளைப் பறித்துத் திரும்ப விற்கும் தொழிலாகவும் கெட்டது. அதனை மீட்டுக் கொணர வேண்டும் என்று யான் கூறேன். எங்கள் ஊரினராகிய கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட கோபல்ல கிராமம் என்னும் நாவலில், தன்னந்தனியே வந்த பெண்ணை நகைக்காகக் கொன்றவனை ஊரே கூடிப் பிடித்துக் கழுவேற்றுகின்றது. கழுமரத்தை விடுக. ஊர் கூடிற்று என்பதை மட்டும் கொள்வோம்.

விடுமுறையின் எஞ்சிய நாட்களில் நாங்கள் செய்தது மிகச் சிறிது. இரவு ஏழு மணிப் பேருந்துக்கும் எட்டேகால் பேருந்துக்கும் பையன்கள் நால்வர் முறை வைத்துச் சாலை வரையிற் சென்று நின்று, இறங்குவோரை ஊர்வரை கூட்டி வந்தனர். பதினொரு நாள் யானும் நின்றேன். முதல் இரண்டு நாள் எங்களைப் பார்த்து நகைத்த ஓய்வு பெற்ற பெரியவர் மூன்றாம் நாள் தாமே கையில் டார்ச்சு விளக்கும் மூங்கிற் கம்புமாக வந்து நின்றார். கம்புக்குச் சீட்டு வேண்டா என்று சட்டத்தில் இருப்பதை அவரிடம் கூறினேன். "அதையும் எழுதி வச்சிருக்கானா?" என்று கேட்டுச் சிரித்தார். கல்லூரி திறந்தபின் வந்த கடிதத்தில், இன்றும் அவர் தவறாமல் வருகின்றார் என்று அத்தை எழுதியிருக்கிறார். சங்கிலி கிடைக்கவில்லை. கழுத்தில் ஒன்றும் அணியாமல்தான் ஞாயிறன்று கோயிலுக்குச் செல்கின்றாராம். வழியிலுள்ள ஆறு கம்பங்களில் இரண்டில் விளக்கு எரிகின்றது. மற்ற நான்கிற்கும் ஊராட்சி மன்றத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள்.